எட்டுப் பூட்டு, எட்டுச் சாவி

விடியற்காலை ஐந்தரை மணி. பால் சங்கத்தின் வாசலில் பத்துப் பேர் நிற்கிறார்கள். கையில் கேன், தூக்கு, குடம். சங்கத்தின் செயலாளர் அக்கா வருகிறார். இடுப்பில் செருகிய சாவியை எடுத்துக் கதவைத் திறக்கிறார்.

உள்ளே மேசைமேல் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்கும் ஒரு பூட்டு உண்டு. அந்தப் பூட்டு கண்ணுக்குத் தெரியாது. அதன் சாவியும் கண்ணுக்குத் தெரியாது. அக்கா சில எழுத்துகளைத் தட்டுகிறார். கம்ப்யூட்டர் திறந்துகொள்கிறது. தட்டிய எழுத்துகள்தான் சாவி. இதைப் பாஸ்வேர்டு என்கிறோம். கடவுச்சொல் என்றும் சொல்வார்கள். வெறும் எண்ணாக இருந்தால் பின் நம்பர் என்கிறோம்.

நம் நாட்டில் எத்தனையோ ஊர்களில் பால் சங்கங்கள் இருக்கின்றன. முன்பெல்லாம் அங்கே ஒரு நோட்டு, ஒரு பேனா. அவ்வளவுதான். இப்போது பல சங்கங்களில் பாலின் அளவு, கொழுப்பு, விலை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறுகின்றன. பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது. பால் சங்கம் மட்டுமா? மகளிர் குழு, துணிக்கடை, தையல் கூடம், ஆஸ்பத்திரி, குடோன், எல்லா இடத்திலும் இதே கதைதான். வேலை வரும்போதே பாஸ்வேர்டும் கூட வருகிறது.

நாம் பார்க்கும் இந்த அக்கா கற்பனைதான். ஆனால் இவரைப் போன்றவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். இவரிடம் எத்தனை சாவி இருக்கிறது? எண்ணுவோம்.

செல்போனைத் திறக்க ஒன்று. கம்ப்யூட்டரைத் திறக்க ஒன்று. பால் கணக்கு எழுதும் பக்கத்தைத் திறக்க ஒன்று. ஒன்றியம் கொடுத்த செயலிக்கு ஒன்று. சங்கத்தின் ஈமெயிலுக்கு ஒன்று. சங்கத்தின் வங்கிக் கணக்கைக் கம்ப்யூட்டரில் பார்க்க ஒன்று. அக்காவின் சொந்த ஏ.டி.எம். அட்டைக்கு ஒன்று. செல்போனில் பணம் அனுப்பும் யு.பி.ஐ.க்கு ஒன்று.

ஆக, எட்டு.

"எட்டு நம்பரை மனசுல வச்சுக்க நான் என்ன மெஷினா?" என்கிறார் அக்கா.

பாலைப் பரிசோதிக்கும் தம்பி சிரிக்கிறான். "எட்டுக்கும் ஒரே நம்பர் வச்சிடுங்கக்கா. உங்க பொண்ணு பொறந்த வருஷம். மறக்கவே மறக்காது."

இது நல்ல யோசனையா?

ஒரே சாவி இருந்தால்

வீட்டுக் கதவு, பீரோ, கடை, மாட்டுக் கொட்டகை. நான்குக்கும் ஒரே சாவி என்று வைத்துக்கொள்வோம். வசதிதான். ஒரே ஒரு சாவியைத் தூக்கிக்கொண்டு போனால் போதும். ஆனால் அந்தச் சாவி தொலைந்தால்? கொட்டகைச் சாவியை எடுத்தவன் பீரோவையும் திறப்பான்.

பாஸ்வேர்டும் அப்படியே. செல்போனில் ஏதோ ஒரு விளையாட்டு. பேரன் கேட்டான் என்று போட்டுக் கொடுத்தீர்கள். அது ஒரு பாஸ்வேர்டு கேட்டது. பழக்கமான பாஸ்வேர்டையே கொடுத்தீர்கள். அந்த விளையாட்டை நடத்துகிறவர்களிடம் லட்சக்கணக்கான பேரின் பாஸ்வேர்டு பட்டியல் இருக்கும். ஒருநாள் பட்டியல் திருடு போகிறது. திருடனுக்கு விளையாட்டு வேண்டாம். அவன் அதே பாஸ்வேர்டைப் போட்டு ஈமெயில் திறக்கிறதா என்று பார்ப்பான். வங்கி திறக்கிறதா என்று பார்ப்பான். இதை அவன் கையால் செய்வதில்லை. கம்ப்யூட்டரே வரிசையாகச் செய்து கொடுத்துவிடும்.

பட்டியல் திருட்டு புதிய விஷயம் இல்லை. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற பெரிய கல்லூரியில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பலர் அதைப் பங்குபோட்டுப் பயன்படுத்தினார்கள். ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று கணக்கு. ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டும் கொடுத்தார்கள். கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு வந்த ஆரம்ப காலம் அது. 1962-ல் அங்கே படித்த ஓர் ஆய்வு மாணவருக்குத் தன் நேரம் போதவில்லை. என்ன செய்தார்? எல்லாருடைய பாஸ்வேர்டும் இருந்த பட்டியலை அச்சடித்து எடுத்துக்கொண்டார். பூட்டு வந்த உடனேயே கள்ளச் சாவியும் வந்துவிட்டது!

சரி, பிறந்த வருடம் வைத்தால் என்ன? உங்கள் பர்சை எடுத்துப் பாருங்கள். ஏ.டி.எம். அட்டை இருக்கும். பக்கத்திலேயே ஆதார் அட்டை இருக்கும். ஆதார் அட்டையில் என்ன அச்சடித்திருக்கிறது? உங்கள் பிறந்த தேதி. பர்சைக் கண்டெடுத்தவன் முதலில் அதைத்தான் தட்டிப் பார்ப்பான். அடுத்து 1234. அடுத்து 1111. பிள்ளைகளின் பிறந்த வருடமும் ஊருக்கே தெரிந்ததுதான்.

கணக்குக்கு யார் பொறுப்பு?

இன்னொரு பழக்கம் உண்டு. வேலை செய்யும் இடங்களில் இதுதான் அதிகம். ஒரே பாஸ்வேர்டு, நாலு பேருக்கும் தெரியும். சில இடங்களில் அதை ஒரு சீட்டில் எழுதிக் கம்ப்யூட்டரின் நெற்றியிலேயே ஒட்டி வைத்திருப்பார்கள். "எல்லாம் நம்ம ஆளுங்கதானே" என்பார்கள்.

நம் அக்காவின் சங்கத்திலும் அப்படித்தான். பால் கணக்குப் பக்கம் அக்காவின் பெயரில் இருந்தது. பாஸ்வேர்டு பரிசோதகர் தம்பிக்குத் தெரியும். கேன் தூக்கும் பையனுக்குத் தெரியும். எப்போதாவது வந்து மெஷினைச் சரிபார்க்கும் மெக்கானிக்குக்கும் தெரியும்.

ஒரு மாதம் கணக்கில் ஏதோ உதைத்தது. சங்கம் வாங்கியதாக எழுதிய பாலுக்கும் லாரியில் ஏற்றி அனுப்பிய பாலுக்கும் வித்தியாசம் வந்தது. தோண்டிப் பார்த்தார்கள். ஓர் உறுப்பினரின் கணக்கில் மட்டும் பன்னிரண்டு நாள் மாலையில் இரண்டு லிட்டர் கூடுதலாக ஏறியிருந்தது. லிட்டர் 40 ரூபாய். ஒரு நாளைக்கு 80 ரூபாய். பன்னிரண்டு நாளைக்கு 960 ரூபாய்.

தலைவர் கூட்டம் போட்டார்.

"யாரு ஏத்துனது?"

கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதியவர் பெயர் இருந்தது. பன்னிரண்டு வரியிலும் ஒரே பெயர். அக்காவின் பெயர்.

"ஐயா, இதுல மூணு நாள் நான் ஊர்லயே இல்லை. பொண்ணு பிரசவத்துக்குப் போயிருந்தேன். பஸ் டிக்கெட்கூட இருக்கு."

"அப்ப யாரும்மா எழுதுனது?"

"பாஸ்வேர்டு நாலு பேருக்குத் தெரியும்ங்கய்யா."

"நாலு பேருக்குச் சொன்னது யாரு?"

அக்காவால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் எடுக்கவில்லை என்று எல்லாருக்கும் உள்ளுக்குள் தெரியும். ஆனால் யார் எடுத்தார்கள் என்று காட்ட வழி இல்லை. தம்பியைக் கேட்டால் பையனைக் காட்டுகிறான். பையனைக் கேட்டால் மெக்கானிக்கைக் காட்டுகிறான். கடைசியில் அக்கா 960 ரூபாயைத் தன் கைக்காசிலிருந்து கட்டினார். பணம் போனதுகூடப் பெரிதில்லை. மறுநாள் பால் ஊற்ற வந்த ஒரு பெண், தன் அளவைத் தானே எட்டிப் பார்த்தாள். பத்து வருடத்தில் அப்படி யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகுதான் சங்கம் விழித்துக்கொண்டது. மென்பொருள் கொடுத்தவர்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டுத் தரச் சொன்னார்கள். பெரும்பாலான கணக்கு மென்பொருளில் இந்த வசதி இருக்கிறது. கேட்காததால்தான் கிடைக்காமல் இருக்கும்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் ஒரு தவறு வந்தது. ஒருவருக்கு 8.5 லிட்டருக்குப் பதில் 5.8 என்று ஏறியிருந்தது. பக்கத்தில் தம்பியின் பெயர் இருந்தது. "அட, நான்தான் மாத்தித் தட்டிட்டேன்" என்றான். ஐந்து நிமிடத்தில் திருத்தினார்கள். கூட்டமும் இல்லை, சண்டையும் இல்லை. இதைக் கவனியுங்கள். தனித்தனிப் பாஸ்வேர்டு என்பது திருடனைப் பிடிக்க மட்டும் இல்லை. தெரியாமல் செய்த தவறைத் திருத்தவும் அதுதான் உதவுகிறது. குற்றம் செய்யாதவரைக் காப்பாற்றுவதும் அதுதான்.

கைநாட்டும் பாஸ்வேர்டும்

எழுதப் படிக்கத் தெரியாத காலத்தை நினைத்துப் பாருங்கள். யாரோ ஒரு தாளை நீட்டுவார்கள். "இங்கே பெருவிரலை வை" என்பார்கள். வைப்போம். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. சில நேரம் தாளில் ஒன்றுமே எழுதியிருக்காது. பிறகு எழுதிக்கொள்வார்கள். அப்படி நிலம் இழந்தவர்களை நமக்குத் தெரியும்.

பாஸ்வேர்டைச் சொல்லிக் கொடுப்பதும் வெற்றுத் தாளில் கைநாட்டு வைப்பதும் ஒன்றுதான். அதன் பிறகு உங்கள் பெயரில் யார் என்ன எழுதினாலும் அது நீங்கள் எழுதியதாகவே இருக்கும்.

ஏ.டி.எம். வாசலில் சிலர் நின்றுகொண்டு, "தம்பி, கொஞ்சம் எடுத்துக் கொடுப்பா" என்று அட்டையையும் நம்பரையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். எண்களைப் படிக்கத் தெரியாதபோது வேறு வழி இல்லை. இப்போது உங்களுக்குத் தெரியும். மெதுவாகப் படித்து மெதுவாகத் தட்டுங்கள். பின்னால் நிற்பவர் அவசரப்படுத்தினால் நிற்கட்டும். ஒரு கையால் தட்டும்போது இன்னொரு கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு எண் ஏன்?

ஏ.டி.எம். அட்டைக்குப் பெரும்பாலும் நான்கு எண்தான். ஏன் நான்கு? இதற்கு ஒரு கதை சொல்வார்கள்.

1967-ல் லண்டனில் ஒரு வங்கி பணம் தரும் மெஷினை வைத்தது. அதைச் செய்தவர்களில் முக்கியமானவர் ஜான் ஷெப்பர்ட்-பேரன். இவர் பிறந்தது நம் நாட்டில், ஷில்லாங் நகரத்தில். ஆறு எண் வைக்கலாம் என்று முதலில் நினைத்தாராம். பட்டாளத்தில் தன் ஆறு இலக்க எண்ணை அவர் மறந்ததே இல்லை. வீட்டில் மனைவியிடம் கேட்டார். தன்னால் நான்கு எண்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்று மனைவி சொன்னாராம். அப்படியே நான்கு ஆனது. பிற்காலத்தில் அவரே சொன்ன கதை இது. ஞாபகம் இல்லை என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நம் நாட்டில் முதல் ஏ.டி.எம். 1987-ல் மும்பையில் வந்தது.

நான்கு எண்ணில் 0000 முதல் 9999 வரை 10,000 நம்பர்கள் கிடைக்கும். ஆறு எண் என்றால் 10,00,000 கிடைக்கும். ஓர் எண் கூடினால் திருடனின் வேலை பத்து மடங்கு கூடுகிறது. நான்கு எண் குறைவுதான். ஆனால் மெஷின் சும்மா இருக்காது. சில முறை தவறாகத் தட்டினால் அட்டையை முடக்கிவிடும். பெரும்பாலும் மூன்று முறைதான். ஆகவே திருடனால் பத்தாயிரத்தையும் தட்டிப் பார்க்க முடியாது. நீங்கள் 1234 வைக்காமல் இருந்தால் போதும்.

நல்ல சாவி செய்வது எப்படி?

கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டுக்கு எழுத்தும் உண்டு. அதனால் நீளமாக வைக்கலாம். நீளம்தான் பலம்.

முன்பு வேறு மாதிரி சொல்லி வந்தார்கள். ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறி எல்லாம் கலந்து வை என்றார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று என்றார்கள். அமெரிக்க அரசின் தர நிறுவனம் அப்படி வழிகாட்டியது. உலகமே அதைப் பின்பற்றியது. விளைவு என்ன? மக்களால் ஞாபகம் வைக்க முடியவில்லை. பழைய சொல்லின் கடைசியில் 1 இருந்தால் 2 ஆக்கினார்கள். மறு தடவை 3 ஆக்கினார்கள். மறந்துவிடும் என்று சுவரில் எழுதினார்கள். 2017-ல் அதே நிறுவனம் தன் யோசனையை மாற்றிக்கொண்டது. நீளமாக வை, காரணம் இல்லாமல் அடிக்கடி மாற்ற வேண்டாம் என்றது. சாதாரண ஜனங்களுக்குச் செய்ய முடிகிற யோசனை இதுதான் என்று தோன்றுகிறது. ஆனாலும் உங்கள் அலுவலகம் மாற்றச் சொன்னால் மாற்றத்தான் வேண்டும்.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களை எடுங்கள். உதாரணமாக: எருமை, ஏணி, வளையல், இடி. கண்ணை மூடி ஒரு படமாக நினையுங்கள். எருமை ஏணியில் ஏறுகிறது. அதன் காலில் வளையல். திடீரென்று இடி இடிக்கிறது. சிரிப்பு வருகிறதா? சிரிப்பு வந்தால் மறக்காது. இந்த நான்கு சொல்லையும் ஆங்கில எழுத்தில் இடைவெளி இல்லாமல் தட்டினால் நீளமான பாஸ்வேர்டு வந்துவிடும். அகராதியில் இருக்கும் ஆங்கிலச் சொல்லைவிட இது நல்லது. எண் கேட்டால் நடுவில் ஓர் எண்ணைப் போடுங்கள்.

இந்த எருமையை மட்டும் வைக்காதீர்கள். இந்தப் புத்தகத்தைப் படித்த எல்லாருக்கும் அது தெரியும். பழமொழி வேண்டாம். சினிமாப் பாட்டின் முதல் வரி வேண்டாம். பிள்ளை பெயர், மாட்டின் பெயர், குலசாமி பெயர் வேண்டாம். இவை எல்லாம் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரிந்தவை.

ஒரு முறை உட்கார்ந்து நீங்களே நான்கு சொல் எழுதிப் பாருங்கள். படம் வருகிறதா என்று பாருங்கள். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள்.

எங்கே வைப்பது?

எட்டையும் மனசில் வைக்க முடியாது. அக்கா சொன்னது சரிதான். எழுதலாமா?

எழுதக் கூடாது என்று பலர் சொல்வார்கள். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். எழுதக் கற்றது எதற்கு? எட்டுக்கும் ஒரே நம்பர் வைப்பதைவிட, எட்டு வேறு வேறு வைத்து ஒரு சின்ன நோட்டில் எழுதி, வீட்டுப் பெட்டியில் பூட்டி வைப்பது எவ்வளவோ மேல். தூர தேசத்துத் திருடன் உங்கள் பெட்டிக்கு வர மாட்டான். ஆனால் சில விஷயம் கவனிக்க வேண்டும்.

நோட்டு வேலை செய்யும் மேசையில் இருக்கக் கூடாது. பர்சில் இருக்கக் கூடாது. ஏ.டி.எம். அட்டையின் உறையில் எழுதவே கூடாது. செல்போனில் படம் பிடித்து வைக்கவும் கூடாது. செல்போன் தொலைந்தால் படமும் தொலையும். முழுதாக எழுதாமல் உங்களுக்கு மட்டும் புரியும் குறிப்பாக எழுதினால் இன்னும் நல்லது. "மழை நாள் படம்" என்று எழுதியிருந்தால் உங்களுக்குப் புரியும். மற்றவருக்குப் புரியாது. ஏ.டி.எம்., யு.பி.ஐ. இரண்டின் நம்பரையும் நோட்டில்கூட எழுதாதீர்கள். அவை சின்னவை, தினமும் பழகுபவை. மனசில் நிற்கும்.

பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் செயலிகளும் உண்டு. ஒரு பெரிய பாஸ்வேர்டை மட்டும் நாம் ஞாபகம் வைத்தால் போதும். மற்றதை அது ஞாபகம் வைக்கும். அலுவலகமே அப்படி ஒன்று கொடுத்தால் பயன்படுத்தலாம். தெருவில் யாரோ சொன்ன செயலியை நம்பி எட்டையும் அதில் கொட்டிவிட வேண்டாம்.

எட்டிலும் எதற்கு அதிகக் காவல் வேண்டும்? வங்கிக்கு என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் ஈமெயிலையும் செல்போன் நம்பரையும் மறந்துவிடுகிறோம். "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அழுத்தினால் புதிய சாவி எங்கே வருகிறது? ஈமெயிலுக்கு வரும். அல்லது செல்போனுக்கு வரும். ஆகவே ஈமெயில் கையில் இருந்தால் மற்ற பூட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிடலாம். அதற்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டு வையுங்கள். செல்போனில் காரணமே இல்லாமல் சிக்னல் போய்விட்டால், நாள் முழுதும் வராவிட்டால், சும்மா இருக்காதீர்கள். கம்பெனியிடம் கேளுங்கள். உங்கள் நம்பருக்கு வேறு யாராவது புதிய சிம் வாங்கியிருக்கலாம்.

ஒரு முறைச் சாவி

செல்போனுக்கு ஆறு எண் வருகிறது. சில நிமிடம்தான் உயிரோடு இருக்கும். ஒரு முறைதான் பயன்படும். இதுதான் ஓ.டி.பி. முதல் பூட்டைத் திறந்தவன் இரண்டாவது பூட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காக வைத்தது. அதனால்தான் திருடன் போனில் நம்மிடமே கேட்கிறான்.

"நான் பேங்க்ல இருந்து பேசுறேம்மா. உங்க கணக்கு முடங்கப்போகுது. ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க, சொல்லுங்க."

வங்கி கேட்காது. போலீஸ் கேட்காது. ஆதார் அலுவலகம் போனில் கேட்காது. அக்கா ஒருநாள் இப்படிப் பதில் சொன்னார்: "நானே நேர்ல பேங்க்குக்கு வர்றேன் சார். எந்தக் கவுன்ட்டர்ல இருக்கீங்க?" மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள்.

இன்னொன்று. யு.பி.ஐ.யில் உங்களுக்குப் பணம் வருவதற்கு நீங்கள் பின் நம்பர் போட வேண்டியதில்லை. "பரிசு அனுப்புறேன், நம்பர் போட்டு வாங்கிக்கங்க" என்றால் பணம் வரப்போவதில்லை. போகப்போகிறது.

மேலாளர் கேட்டால்?

வெளி ஆளுக்கு இல்லை என்று சொல்வது சுலபம். கூட வேலை செய்பவரிடம் சொல்வதுதான் கஷ்டம். மேலாளரே கேட்டால் இன்னும் கஷ்டம். வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கும். பயம் நியாயமானதுதான். ஆனால் மரியாதையாகச் சொல்ல வழி இருக்கிறது.

"சார், என் பாஸ்வேர்டு வேணாம். உங்க பேர்லயே ஒண்ணு போட்டுக்கலாம் சார். நாளைக்கு ஆடிட்டர் கேட்டா உங்களுக்கும் தொந்தரவு இருக்காது."

அவசரத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று வந்துவிட்டால், வேலை முடிந்த உடனே மாற்றிவிடுங்கள். அன்றே மாற்ற வேண்டும். எந்த நாள், எத்தனை மணிக்கு, யாருக்குச் சொன்னீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

செயலாளர் திடீரென்று படுத்துவிட்டால் சங்கம் நின்றுவிடாதா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அக்காவின் சங்கத்தில் ஒரு வழி செய்தார்கள். சங்கத்துக்குச் சொந்தமான பாஸ்வேர்டுகளை மட்டும் ஒரு தாளில் எழுதினார்கள். உறையில் போட்டு ஒட்டினார்கள். ஒட்டிய இடத்தின் மேல் அக்காவும் தலைவரும் கையெழுத்துப் போட்டார்கள். உறை இரும்புப் பெட்டிக்குள் போனது. பிரித்தால் கையெழுத்து கிழியும், தெரிந்துவிடும். பிரிக்க நேர்ந்தால் தீர்மான நோட்டில் எழுத வேண்டும். பிறகு எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றிப் புதிய உறை போட வேண்டும். அக்காவின் சொந்த ஏ.டி.எம். நம்பர் அந்த உறையில் இல்லை. அது சங்கத்துக்குச் சம்பந்தம் இல்லாதது.

கேன் தூக்கிய பையன் வேறு வேலைக்குப் போனான். போகிற அன்றே அவன் பெயரைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவன் கெட்டவன் என்று அர்த்தம் இல்லை. வேலையை விட்டுப் போகிறவர் கதவுச் சாவியைத் திருப்பிக் கொடுப்பதில்லையா? அதுபோலத்தான். அவனுக்கும் இது நல்லது. நாளை கணக்கில் ஏதாவது வந்தால் அவனை யாரும் கேட்க மாட்டார்கள்.

சாவி திருடு போனால்

இத்தனை செய்தும் பணம் போகலாம். படித்தவர்களுக்கும் போகிறது. பயந்து மறைக்கக் கூடாது. வீட்டில் திட்டுவார்களே என்று ஒருநாள் தள்ளிப்போட்டால், அந்த ஒருநாளில் பணம் பல கணக்குகளுக்குப் போய்விடும்.

உடனே வங்கிக்குப் போன் செய்து கணக்கையும் அட்டையையும் முடக்கச் சொல்லுங்கள். வங்கியின் நம்பரை இன்றே பாஸ்புக்கிலிருந்தோ அட்டையின் பின்புறத்திலிருந்தோ பார்த்து எழுதி வையுங்கள். இணையத்தில் தேடி எடுக்க வேண்டாம். அங்கே கள்ள நம்பர்களும் இருக்கும். புகார் கொடுத்ததும் ஒரு புகார் எண் தருவார்கள். நேரத்தோடு சேர்த்து அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நேரம் ஏன் முக்கியம்? 2017-ல் ரிசர்வ் வங்கி ஒரு விதி போட்டது. நாமே பின் நம்பரைச் சொல்லிப் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை போனது நம் நஷ்டம். தகவல் சொன்ன பிறகும் போனால் அது வங்கியின் நஷ்டம். ஆகவே ஒவ்வொரு நிமிடமும் காசுதான்.

வங்கிக்குச் சொன்ன கையோடு 1930 என்ற எண்ணுக்கும் போன் செய்யுங்கள். இணையம் வழியாகப் பணம் பறிபோனால் புகார் சொல்வதற்காக நாடு முழுவதற்கும் உள்ள எண் இது. சீக்கிரம் சொன்னால், திருடன் கைக்குப் போகும் முன் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க முயற்சி செய்வார்கள். எந்த வங்கி, எவ்வளவு பணம், எத்தனை மணிக்குப் போனது என்று கேட்பார்கள். வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியை அழித்துவிடாமல் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அவர்களும் பின் நம்பரோ ஓ.டி.பி.யோ கேட்க மாட்டார்கள்.

மற்ற நம்பர்களைப் போல இந்த ஒரு நம்பரை ஒளித்து வைக்க வேண்டாம். வேலை செய்யும் இடத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி, சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்: 1930.